ஒரு திரைச்சீலையும் இரண்டாம் சாட்சியும்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் சாட்சிக் கூண்டில் ஏறியிருக்கிறேன். அன்று பொய் சொன்னேன். யாரையும் கெடுப்பதற்காகச் சொல்லவில்லை. ஒரு பெண்ணுக்கு வீடு நிலைக்க வேண்டும் என்று சொன்னேன். அவளை எனக்குப் பிடிக்காது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிடிக்காதவளுக்கு நல்லது செய்கிறோம் என்கிற பெருமை இருக்கிறதே, அது லேசான போதை இல்லை.

அறுபதுகளின் கடைசியில் மயிலாப்பூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். அவர் வீட்டு முன்னறைதான் ஆபீஸ். காலை ஏழரைக்கே கட்சிக்காரர்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். பத்து மணிக்கு அவர் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு கோர்ட்டுக்குப் போனால், மாலை ஆறு மணிக்குத்தான் மறுபடியும் கடை திறக்கும். கடை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். நான் கோபாலபுரத்திலிருந்து கதீட்ரல் ரோடு வழியாக நடந்தே போவேன். அம்மாவும் நானும்தான் வீட்டில். டைப்பும் சுருக்கெழுத்தும் இரண்டும் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன், அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு.

வக்கீல் ஆபீசில் டைப் அடிப்பவளுக்கு ஊர்க்கதை எல்லாம் தெரிந்துவிடும். அண்ணன் தம்பி சண்டை, மாமியார் நகை, பக்கத்து வீட்டுக்காரன் நகர்த்திக் கட்டிய சுவர். வருகிற எல்லோரும் ஒரே பாட்டுத்தான் பாடுவார்கள். "எனக்குச் சொத்து வேண்டாம் சார், நியாயம் வேணும்" என்பார்கள். நியாயம் இவ்வளவு, சொத்து இவ்வளவு என்று இரண்டையும் எதிரெதிரே வைத்து, எது வேண்டும் என்று கேட்டால் எதை எடுப்பார்கள் என்று எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. மனிதர்களைப் பற்றி முழுதாகத் தெரிந்துவிட்ட வயது.

அந்த ஜவுளிக்கடை முதலாளி உயில் எழுத வந்தது அப்போதுதான். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்து, தி.நகரில் கடை போட்டு, கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் வீடும் கட்டியவர். எழுபதைத் தாண்டியிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் மூன்று விரல் திருநீறு. மகன்கள் இரண்டு பேருக்கும் கடையை ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டார். மிச்சம் இருந்தது வீடு. அதை மகளுக்கு எழுத வேண்டும் என்றார். மகள் கல்யாணமாகி மூன்றாம் வருஷமே திரும்பி வந்துவிட்டாள். ஏன் என்று அவர் சொல்லவில்லை, வக்கீலும் கேட்கவில்லை. அதன் பிறகு பதினெட்டு வருஷமாக அப்பாவுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு அந்த வீட்டில்தான் இருந்தாள்.

அந்தக் காலத்துச் சட்டம் இப்போது போல இல்லை. உயில் இல்லாமல் அப்பா இறந்தால் மகளுக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் குடியிருக்கும் வீட்டில் அந்தப் பங்கைப் பிரித்துக் கொடு என்று அவள் கேட்க முடியாது. ஆண்பிள்ளைகளாகப் பார்த்துப் பிரிக்கிற வரைக்கும் ஒரு மூலையில் இருந்துகொள்ளலாம், அவ்வளவுதான். பெரியவருக்கு இது தெரிந்திருந்தது. "நா இருக்க வரைக்கும் அவ வீட்டுக்காரி. நா போன மறுநாளு அவ யாரு?" என்று வக்கீலிடம் கேட்டார். அதை நான் சுருக்கெழுத்தில் எடுக்கவில்லை, ஆனால் ஞாபகம் இருக்கிறது.

உயிலை நான்தான் அடித்தேன். மூன்று பக்கம். கையெழுத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார் பெரியவர். நடக்க முடியாமல் கால் வீங்கியிருந்ததால் வக்கீலே அவர் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒருவர் பெரியவரின் சிநேகிதர், சாந்தோமில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவக் குடும்பம். இரண்டாவது சாட்சியாக எங்கள் குமாஸ்தா வருவதாக இருந்தது. அவருக்கு அன்று கோர்ட்டில் வேலை வந்துவிட்டது. "நீ வாயேன், ஒரு கையெழுத்துத்தானே" என்று வக்கீல் என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார்.

ஒன்பதரைக்குப் போக வேண்டியவர்கள் பத்து மணி தாண்டித்தான் போனோம். வக்கீல் உயிலை ஒரு வரி விடாமல் உரக்கப் படித்துக் காட்டினார். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். மகள் உள்ளே சமையலறைப் பக்கமே இருந்தாள், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு பெரியவர் மூன்று பக்கத்திலும் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது ஆசிரியர். அங்கேதான் வந்தது வினை.

ஆசிரியர் நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குக் கையெழுத்துச் சொல்லிக் கொடுத்தவர். பேரை எழுதினார், அப்பா பேரை எழுதினார், வீட்டு எண், தெரு, சாந்தோம், சென்னை என்று ஒவ்வொரு எழுத்தையும் பொறுமையாகச் சுழித்து, கமாவைக்கூட அழுத்தி வைத்தார். பேனாவை மூடி அவர் நிமிர்ந்தபோது சுவர்க் கடிகாரம் பத்தரை மணி அடித்தது. நான் பேனாவை எடுத்தேன்.

"பொறும்மா. ராகு காலம் வந்துட்டு" என்றார் பெரியவர்.

ஆசிரியர் சிரித்தார். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை ஐயா, போட்டுவிடுகிறேன் என்று நானும் சொன்னேன். பெரியவர் கோபப்படவில்லை. நம்பிக்கை இருப்பது தனக்குத்தான், எனக்கில்லை என்றார். மகள் குடியிருக்கப் போகிற வீட்டுப் பத்திரம் இது, பன்னிரண்டுக்கு மேல் போடு தாயி என்றார். அவர் கையெழுத்தும் ஆசிரியர் கையெழுத்தும் நல்ல நேரத்தில் விழுந்துவிட்டன, என் ஒருத்தியின் கையெழுத்து மட்டும் கெட்ட நேரத்தில் விழ வேண்டுமா என்பது அவர் கணக்கு.

வக்கீல் கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்குப் பதினொன்றுக்குக் கோர்ட்டில் வழக்கு. என்னிடம் தணிந்த குரலில், நான் இருந்து பன்னிரண்டுக்கு மேல் கையெழுத்துப் போட்டுவிட்டு உயிலைக் கவரில் வைத்துக் கொண்டுவரும்படி சொல்லிவிட்டுக் கிளம்பினார். நாற்பது வருஷம் சட்டம் படித்த மனிதர். உயில் வழக்குகளில் அவரைக் கேட்டுத்தான் மற்றவர்கள் நடப்பார்கள். கட்சிக்காரரின் ராகு காலத்தோடு யார் மல்லுக்கட்டுவது என்று போய்விட்டார். அவரும் வெள்ளிக்கிழமை பத்தரைக்கு எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட மாட்டார் என்பது வேறு விஷயம். ஆசிரியரும் பள்ளிக்குத் திரும்பிப் போனார்.

நான் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பெரியவர் கொஞ்ச நேரம் என்னிடம் பேசினார். பதினொன்றரைக்கு மகள் வந்து சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். வா என்றும் சொல்லவில்லை, ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. உயரமானவள், இறுகிய முகம், நாற்பது வயதிருக்கும். அந்த வீட்டையே இவளுக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள், அதற்குச் சாட்சி போட வந்தவளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் இல்லையா என்று எனக்கு வயிறு எரிந்தது. ஏன் கொடுக்கவில்லை என்று இன்று வரை தெரியாது.

சாப்பிட்டுவிட்டுப் பெரியவர் கூடத்தை ஒட்டிய அறையில் கட்டிலில் படுத்தார். மகள் வந்து அறைவாசலில் திரையை இழுத்துவிட்டாள். கதவை மூடவில்லை, திரையை மட்டும்தான். நீலக் கட்டம் போட்ட கைத்தறித் துணி, அவர்கள் கடைச் சரக்கு. வெற்றுடம்போடு அப்பா படுத்திருப்பதை அந்நியப் பெண் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருப்பாள். கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. எனக்கு நம்பிக்கை இல்லை என்று வீறாப்புப் பேசியவள், கடிகாரம் முன்னே பின்னே இருக்குமோ என்று இன்னும் ஐந்து நிமிஷம் கழித்தே கையெழுத்துப் போட்டேன். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டு உள்ளேயிருந்து பெரியவர் குரல் வந்தது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சுங்க ஐயா" என்றேன். நல்லது என்றார். உயிலைக் கவரில் வைத்து எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து பஸ் பிடித்தேன்.

ஒன்றரை வருஷம் கழித்துப் பெரியவர் இறந்தார். அதற்குச் சில மாதம் முன்பே ஆசிரியர் போய்விட்டார். உயிலை நிரூபிக்க மகள் கோர்ட்டுக்குப் போக, தம்பிகள் இரண்டு பேரும் ஆட்சேபம் போட்டார்கள். அப்பாவுக்கு நிதானம் தப்பியிருந்தது, அக்கா மிரட்டி வாங்கிவிட்டாள், சாட்சிகள் முறைப்படி கையெழுத்துப் போடவில்லை என்று மூன்று காரணம். மூன்றாவது சும்மா சேர்த்துக்கொண்டது, எல்லா ஆட்சேப மனுவிலும் அது இருக்கும். அதில் மட்டும்தான் உண்மை இருந்தது என்பது அவர்களுக்கே தெரியாது.

எனக்குச் சம்மன் வந்த அன்று மாலை, கட்சிக்காரர்கள் போன பிறகு வக்கீல் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவரே வழக்கில் சம்பந்தப்பட்டுவிட்டதால் மகளுக்காக வாதாட வேறொரு வக்கீலை அமர்த்தியிருந்தார். ஆனால் அந்த உயில் அவர் கை வேலை. அது விழுந்தால் மயிலாப்பூர் முழுக்கச் சிரிக்கும். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். திரை என்றதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உயில் எழுதியவர் சாட்சி பார்க்கக் கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு சாட்சியும் அவர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். முன்னிலை என்றால், அவர் பார்த்தாரோ இல்லையோ, பார்க்க நினைத்தால் பார்த்திருக்க முடிய வேண்டும். வெள்ளைக்காரர் தேசத்தில் எந்தக் காலத்திலோ ஒரு சீமாட்டி வக்கீல் ஆபீஸ் வாசலில் குதிரை வண்டியில் உட்கார்ந்திருந்தாளாம். சாட்சிகள் உள்ளே கையெழுத்துப் போட்டார்களாம். வண்டி ஜன்னல் வழியாக அவளுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும் என்பதால் உயில் செல்லும் என்று தீர்ப்பாம். தடிப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். நான் எழுதி அடித்த எத்தனையோ உயிலின் கடைசி வரியில் 'முன்னிலையில்' என்ற சொல் இருந்தது. அதற்கு இப்படி ஒரு கண் இருக்கிறது என்று நினைத்ததே இல்லை.

அவர் உள்ளேயிருந்து கேட்டாரே, நான் பதில் சொன்னேனே, அது போதாதா என்று கேட்டேன்.

"சட்டம் கண்ணைத்தான் கேக்கறது, காதை இல்ல. அந்தப் பேச்சை எடுத்தேன்னா அவர் உள்ள இருந்தார், நீ வெளியில இருந்தேன்னு நீயே சொன்னாப்ல ஆயிடும்" என்றார்.

பிறகு புத்தகத்தை மூடினார். சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பது தப்பு, அதைத் தான் செய்ய மாட்டேன் என்றார். அதைச் சொல்லிவிட்டு, "யோசிச்சுப் பாரு. திரை முழுக்க இழுத்து விட்டிருந்துதா, இல்ல ஒரு ஓரமா ஒதுங்கியிருந்துதா? ஃபேன் ஓடிண்டு இருந்தா ஒதுங்கியிருக்கும் இல்லியா?" என்றார்.

ஃபேன் ஓடவில்லை. அவருக்கும் அது தெரியும், பெரியவருக்குக் காற்று ஆகாது என்று ஃபேனைப் போடாததால் அன்று வக்கீல்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். யோசிக்கிறேன் சார் என்றேன். எழுந்தபோது இரண்டு விஷயம் சொன்னார். திரை விஷயத்தை அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டாம், அது சாட்சியைக் கலைப்பது போலாகும் என்பது ஒன்று. கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே, சாட்சிகள் கெட்டுப்போவதே அதனால்தான் என்பது இன்னொன்று.

இரண்டு வாரம் இதே நினைப்பு. பெரியவரின் விருப்பம் எனக்குத் தெரியும், என் காதால் கேட்டது, என் கையால் அடித்தது. அவர் கையெழுத்துப் போட்டதை என் கண்ணால் பார்த்தேன். இத்தனையும் உண்மை. நடுவில் ஒரு கஜம் துணி தொங்கியது என்பதற்காக இத்தனை உண்மையும் பொய்யாகிவிடுமா? அப்படியென்றால் உண்மையைக் காப்பாற்ற அந்தத் துணியைக் கொஞ்சம் ஒதுக்கினால் என்ன? இப்படித்தான் யோசித்தேன். இப்போது அதைத் திருப்பிச் சொல்லும்போதும் சரியாகத்தான் கேட்கிறது, அதுதான் பயமாக இருக்கிறது.

பயமும் இருந்தது என்பதை மறைக்க வேண்டாம். வக்கீல் தயவில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதோடு, அந்த மகள் கூண்டில் ஏறினால் எப்படியும் பொய்தான் சொல்வாள் என்று எனக்கு உறுதி. தண்ணீர் கொடுக்காதவள், முகம் கொடுத்துப் பேசாதவள், வீட்டுக்காக எதையும் சொல்வாள். அவள் திரையே இல்லை என்பாள். நான் திரை இருந்தது, ஒதுங்கியிருந்தது என்பேன். என் பொய் அவள் பொய்யை விடச் சின்னது என்று சமாதானம் செய்துகொண்டேன்.

வழக்கு நாளன்று கோர்ட்டுத் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சாட்சி சொல்வதை அடுத்த சாட்சி கேட்கக் கூடாது என்பதால் எனக்கு வெளியே இடம். உள்ளே மகள் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ரிக்‌ஷாக்காரர் ஏதோ வழக்குக்குச் சாட்சியாக வந்து மூன்றாவது நாளாக உட்கார்ந்திருந்தார். "இன்னாம்மா, மொத தபாவா? கை இப்டி நடுங்கிக்கினு கீது" என்றார். குளிர் என்றேன். சித்திரை மாசத்தில் என்ன குளிர் என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர். ஒரு மணி நேரம் ஆனது. டவாலிச் சேவகன் வெளியே வந்து என் பெயரைக் கூப்பிட்டான். மகள் கூண்டிலிருந்து இறங்க, நான் ஏறினேன். நடுவில் மூச்சு விடக்கூட இடைவெளி இல்லை.

அங்கே கேள்வி இங்கிலீஷில் வரும். மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்வார். எனக்கு இங்கிலீஷ் தெரியும். ஆகவே ஒவ்வொரு கேள்வியும் எனக்கு இரண்டு முறை வந்தது, பொய்யைத் தயார் செய்துகொள்ள அவகாசமும் இரண்டு மடங்கு. சொல்வதெல்லாம் உண்மை என்று சத்தியம் வாங்கினார்கள். பெரியவர் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தாயா, பார்த்தேன். நிதானமாக இருந்தாரா, இருந்தார். எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். வயதானவர், அதட்டவில்லை, பக்கத்து வீட்டுப் பெரிய மனிதர் விசாரிப்பது போலக் கேட்டார்.

நான் கையெழுத்துப் போட்டபோது பெரியவர் எங்கே இருந்தார் என்றார். அறையில் கட்டிலில் என்றேன். கதவு? திறந்திருந்தது. திரை உண்டா? உண்டு. மூடியிருந்ததா?

எங்கள் ஆபீஸ் வக்கீல் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு என்னையே பார்த்தார். தைரியமாகச் சொல் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"இல்லை. ஒதுக்கி விட்டிருந்தது. அவர் என்னைப் பார்க்க முடிந்தது."

மொழிபெயர்ப்பாளர் அதை இங்கிலீஷில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார். எதிர்க்கட்சி வக்கீல், வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். பாம்பு போல வளைத்து வளைத்துக் கேட்பார் என்று பயந்திருந்த எனக்கு, இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. படி இறங்கும்போது உள்ளூர ஒரு சந்தோஷம்கூட.

வெளியே வந்ததும் வக்கீல் என்னைத் தாண்டி நேராக நடந்து போய்விட்டார். அவருடைய ஜூனியர்தான் விஷயத்தைச் சொன்னான். மகளிடம் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அப்பா படுத்த பிறகு நானேதான் திரையை முழுக்க இழுத்துவிட்டேன், அவர் எழுந்து சாயங்காலம் காபி குடிக்கும் வரைக்கும் அதை யாரும் தொடவில்லை என்று அவள் சொல்லியிருக்கிறாள். கேட்டதற்குப் பதில், ஒரு எழுத்து மாறாமல்.

அவள் தூணோரமாக நின்றிருந்தாள். என்னை நோக்கி வந்தாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நீ பொய் சொல்லுத ஆளுன்னு எனக்குத் தோணல. தெரைய நீ சொல்லத்தான் செய்வேன்னு நெனச்சேன். நா ஒண்ணும் நீ ஒண்ணுமாச் சொல்லக் கூடாதேன்னுதான் உள்ளத உள்ளபடி சொன்னேன்" என்றாள்.

அவளைப் பொய் சொல்வாள் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். என்னை நாணயமானவள் என்று அவள் முடிவுகட்டியிருக்கிறாள். இரண்டு பேர் முடிவும் தப்பு. ஆனால் அவள் தப்பில் அவமானம் இல்லை. அவள் தாழ்வாரத்தைக் கடந்து படி இறங்கிப் போய்விட்டாள்.

தீர்ப்பு மூன்று மாதம் கழித்து வந்தது. உயில் நிரூபிக்கப்படவில்லை. பெரியவருக்கு நிதானம் இருந்தது, மகள் மிரட்டவில்லை, அவள் நம்பத் தகுந்தவள், தனக்கு எதிராகவே உண்மை பேசினாள் என்று நீதிபதி எழுதியிருந்தார். ஆனால் உயிருள்ள ஒரே சாட்சி முக்கியமான இடத்தில் உண்மை பேசவில்லை. திரை விஷயத்தில் பொய் சொன்னவள் மற்ற விஷயங்களில் சொன்னதை எதை வைத்து ஏற்பது? அதற்குப் பிறகு ஒரு வரி. இரண்டாம் சாட்சி கையெழுத்துப் போடுவதை உயில் எழுதியவர் அந்த நேரத்தில் அறிந்திருந்தார் என்று காட்டவும் பதிவில் எதுவும் இல்லை என்று இருந்தது.

ஆபீசுக்கு வந்த தீர்ப்பு நகலை நான்தான் கோப்பில் சேர்த்தேன். அந்த ஒரு வரியை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. எதுவும் இல்லை. குரல் இருந்தது, அதைப் பதிவில் வைக்க ஆள் இல்லை. நான் திரை மூடியிருந்தது, ஆனால் அவர் கேட்டார், நான் பதில் சொன்னேன் என்று நேராகச் சொல்லியிருந்தால் வழக்கு ஜெயித்திருக்கும் என்று சொல்ல வரவில்லை. தோற்றிருக்கலாம். சட்டம் கண்ணைத்தான் கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு நீதிபதி அந்த வரியை எழுதும்போது பேனா கொஞ்சம் நின்றிருக்கும். நின்ற பேனா எந்தப் பக்கம் போயிருக்கும் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பை நான்தான் கெடுத்தேன்.

பொய்ச் சாட்சிக்காக என்னைப் பிடித்துப் போவார்கள் என்று ஒரு மாதம் பயந்தேன். யாரும் வரவில்லை. வக்கீல் அந்த வழக்கைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே ஒரு மாற்றம். அதற்குப் பிறகு எந்த உயிலுக்கும் கையெழுத்துச் சடங்கு முழுதும் முடியும் வரை அவர் இடத்தைவிட்டு எழுந்ததில்லை. கட்சிக்காரர் ராகு காலம் என்றால், "அது முடிஞ்சப்புறம் எல்லாரும் சேந்து ஆரம்பிக்கலாம்" என்பார். காசு செலவில்லாமல் கற்றுக்கொண்டார், செலவு வேறொருத்தியுடையது.

தம்பிகள் வீட்டை விற்க முடிவு செய்தார்கள் என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். அவள் பங்கை அவளுக்குக் கொடுத்தார்கள், அதில் குறை சொல்வதற்கில்லை. கே.கே. நகர் பக்கம் ஒரு போர்ஷன் பார்த்துப் போகப் போகிறாள் என்றும் கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனதைத் திடப்படுத்திக்கொண்டு தி.நகருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்லலாம். மனப்பாரத்தை இறக்கப் போனேன் என்பதுதான் சரி.

கூடத்தில் மூட்டைகள் கட்டிக் கிடந்தன. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றியிருந்தார்கள், அந்த இடம் வெளுப்பாகத் தெரிந்தது. அறைவாசலில் திரை மட்டும் இன்னும் தொங்கியது. அவள் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. உட்காரு என்றாள். உள்ளே போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். நான் அதைக் குடிக்க முடியாமல் கையில் வைத்துக்கொண்டு, தப்புச் செய்துவிட்டேன் அக்கா என்றேன். முடிஞ்சதப் பேசி என்னத்துக்கு என்று அவள் பாத்திரத்தைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன் என்று ஆரம்பித்தேன். அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டதும் உங்கள் அப்பா உள்ளேயிருந்து போட்டாச்சா என்று கேட்டார், நானும் போட்டாச்சு என்றேன், அதைக் கோர்ட்டில் சொல்லாமல் விட்டுவிட்டேன் என்றேன். இது அவளுக்குத் தெரியாத செய்தி, கொஞ்சம் ஆறுதலாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன்.

அவள் கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்குத் தெரியுமே. அடுக்களையில நின்னேன், நல்லாக் காதுல விழுந்துச்சு. நல்லதுன்னாரு அப்பா" என்றாள். பாத்திரத்தை மூட்டைக்குள் வைத்துவிட்டு, "அத யாருமே விசாரிக்கலியே" என்றாள்.

பிறகு நாற்காலி மேல் ஏறி, கம்பியிலிருந்து திரையை உருவி எடுத்து, நாலாக மடித்து, மூட்டையில் வைத்தாள்.